மிஸஸ் மர்ஃபியும் நாலு குடித்தனமும்: ஒரு வீட்டுச் சட்டத்தின் 'ஆனால்'கள்



பி.காம். படிப்பவனுக்கு அமெரிக்க வாடகை வீட்டுச் சட்டத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்களுக்கு வணிகச் சட்டம் என்று ஒரு தாள் உண்டு. அதில் எந்தப் பிரிவைத் திறந்தாலும் முதல் வரி ஓர் உரிமையைக் கொடுக்கும். அடுத்த வரி "ஆனால்" என்று ஆரம்பிக்கும். முதல் வரியை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். பரீட்சையில் மார்க் போவது இரண்டாவது வரியில்தான். பரீட்சையில் மட்டுமில்லை, கோர்ட்டிலும் அப்படித்தான் என்பது இதைப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது.

மாற்றுத்திறனாளிக்கு வீடு மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1988-இல் சட்டம் வந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சட்டத்தின் புகழ் பாட அல்ல. அதில் இருக்கும் 'ஆனால்'கள் எங்கிருந்து வந்தன, யாருக்காக வந்தன, இன்று யாரைக் காப்பாற்றுகின்றன என்று பார்க்கத்தான். ஒவ்வொரு 'ஆனால்'-க்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. முதல் கதையின் நாயகி உலகத்திலேயே இல்லாத ஒரு பெண்மணி.

யார் இந்த மிஸஸ் மர்ஃபி?

1963, 64. ஹோட்டல், உணவகம், தியேட்டர் எதிலும் கறுப்பர்களை விலக்கக் கூடாது என்ற மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவாதத்தில் இருந்தது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. பெரிய ஹோட்டல்காரனைக் கட்டாயப்படுத்துவது சரி, தன் சொந்த வீட்டில் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஒரு விதவைத் தாயைக் கட்டாயப்படுத்தலாமா? அந்தக் கற்பனை விதவைக்கு 'மிஸஸ் மர்ஃபி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைப் பிரபலமாக்கியவர் என்று வெர்மான்ட் மாநில செனட்டர் ஜார்ஜ் எய்கனைச் சொல்வார்கள்.

மிஸஸ் மர்ஃபி ஜெயித்துவிட்டார். 1964 சட்டத்தில், உரிமையாளரே குடியிருந்து, ஐந்து அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடாத விடுதிகளுக்கு விலக்கு கிடைத்தது.

நாலு வருடம் கழித்து வீடுகளுக்கான சட்டம் வந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, அதிபர் ஜான்சன் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு இவற்றைக் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்றது சட்டம். (பாலினம் 1974-இல்தான் சேர்ந்தது.) இந்தச் சட்டத்துக்குள்ளும் மிஸஸ் மர்ஃபி குடியேறிவிட்டார். நாலு குடித்தனத்துக்கு மேல் போகாத கட்டடம், அதில் ஒன்றில் உரிமையாளரே வசிக்கிறார் என்றால் அவருக்குச் சட்டம் பொருந்தாது. அதேபோல மூன்று தனி வீடுகளுக்கு மேல் இல்லாத ஒருவர், புரோக்கர் இல்லாமல் தானே விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ அவருக்கும் விலக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த விலக்கு விளம்பரத்துக்குக் கிடையாது. அதாவது மிஸஸ் மர்ஃபி ஆளைப் பார்த்து 'வீடு இல்லை' என்று சொல்லலாம். ஆனால் 'இன்னாருக்கு வீடு இல்லை' என்று பேப்பரில் போட முடியாது. மனசில் இருக்கலாம், அச்சில் இருக்கக் கூடாது!

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னொரு திருப்பம். 1968 ஜூன் 17 அன்று ஜோன்ஸ் எதிர் மேயர் கம்பெனி வழக்கில், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1866-இல் போட்ட ஒரு பழைய சட்டத்தை உச்ச நீதிமன்றம் தூசு தட்டி எடுத்தது. சொத்தை வாங்க, விற்க, வாடகைக்கு எடுக்க வெள்ளையருக்கு உள்ள உரிமை எல்லா இனத்தவருக்கும் உண்டு என்று சொல்லும் சட்டம் அது. தனியாருக்கும் அது பொருந்தும், அதில் மிஸஸ் மர்ஃபிக்கு எந்த விலக்கும் இல்லை. ஆக, இனத்தைக் காட்டி மறுக்கும் வாசல் அன்றே மூடப்பட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1988-இல் மாற்றுத்திறனாளிகளை இதே சட்டத்தில் சேர்த்தபோது மிஸஸ் மர்ஃபி விலக்கும் அப்படியே அவர்கள் மேல் வந்து உட்கார்ந்தது. அவர்களுக்குக் கைகொடுக்க 1866-இல் போட்ட சட்டம் எதுவும் இல்லை. கறுப்பர் என்பதற்காகத் தன் வீட்டு மாடியை மறுக்க முடியாத அதே மிஸஸ் மர்ஃபி, சக்கர நாற்காலியைப் பார்த்துத் தாராளமாக மறுக்கலாம். மாநிலச் சட்டம் ஏதாவது குறுக்கே வந்தால்தான் உண்டு.

இரண்டு சொற்றொடர்கள் பிறந்த கதை

1973-இல் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அதிபர் நிக்சன் இரண்டு முறை வீட்டோ செய்து, பிறகு செப்டம்பர் 26 அன்று கையெழுத்திட்டார். அதில் 504-வது பிரிவு என்று ஒரு வரி: மத்திய அரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கக் கூடாது. அரசு உதவி பெறும் குடியிருப்புகள் இதில் வந்துவிடும். தனியார் வீடுகள் வராது.

சட்டம் வந்ததே தவிர விதிகள் வரவில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, நாலு வருடம் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மத்திய சுகாதார, கல்வித் துறை அலுவலகத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜூடி ஹியூமன் முன்னணியில் நின்ற போராட்டம் அது. கிட்டத்தட்ட நாலு வாரம் நடந்தது. பிளாக் பேந்தர் கட்சியினர் உள்ளே சாப்பாடு அனுப்பினார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார்.

உரிமை இப்படி வந்தது. எல்லை இரண்டே வருடத்தில் வந்தது. 1979-இல் வட கரோலினாவில் காது கேளாத ஒரு பெண் நர்ஸிங் படிக்க இடம் கேட்ட வழக்கில், கல்லூரி பக்கமே நியாயம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. நீதிபதி பவல் எழுதிய அந்தத் தீர்ப்பிலிருந்து இரண்டு சொற்றொடர்கள் வெளியே வந்தன. ஒன்று, 'மிகையான நிதி, நிர்வாகச் சுமை'. இன்னொன்று, 'திட்டத்தின் அடிப்படையையே மாற்றுவது'. இந்த இரண்டையும் கேட்கச் சட்டம் கட்டாயப்படுத்தாது என்றார்கள்.

ஒரு நர்ஸிங் கல்லூரி வழக்கில் பிறந்த இந்த இரண்டு சொற்றொடர்கள்தான் பிற்பாடு வீட்டுக்காரர்களின் வக்கீல்கள் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதமாக ஆயின.

கிளெபர்ன்: ஒரு ஊர் சொன்ன காரணங்கள்

அந்தக் காலத்தில் இன்னொரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1955-இல் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அடுத்த இருபது முப்பது வருடங்களில் அந்தக் கதவுகள் திறந்தன. மூளை வளர்ச்சி குன்றியவர்களை அடைத்து வைத்த பெரிய நிறுவனங்களின் நிலைமையும் வெளியே வந்தது. 1972-இல் நியூயார்க்கின் வில்லோபுரூக் பற்றித் தொலைக்காட்சியில் வந்த காட்சிகள் நாட்டையே உலுக்கின. சரி, வெளியே வருபவர்கள் எங்கே வசிப்பது? ஆறு பேர், எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில் வசிக்கும் 'குழு இல்லம்' என்ற ஏற்பாடு வந்தது.

தெரு சும்மா இருக்குமா? நகராட்சியின் மண்டல விதிகளைக் கையில் எடுத்தது. எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை என்று பிரிக்கும் விதிகள் இவை. அதற்கு ஏற்கெனவே ஒரு தீர்ப்பின் பலம் இருந்தது. 1974-இல் நியூயார்க் மாநிலத்தில் பெல் டெர் என்ற குட்டி ஊர் (மொத்தமே 700 பேர்), இரத்த உறவு இல்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரு வீட்டில் தங்கக் கூடாது என்று போட்ட விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கில் வீட்டை எடுத்திருந்தவர்கள் யார் தெரியுமா? ஆறு கல்லூரி மாணவர்கள். ரூம் எடுத்துத் தங்கும் நம்மைத் தடுக்கச் செய்த விதி, கடைசியில் மாற்றுத்திறனாளிகள் தலையில் விழுந்தது.

1980-இல் டெக்சாஸ் மாநிலம் கிளெபர்ன் நகரத்தில், மூளை வளர்ச்சி குன்றிய 13 ஆண், பெண்களுக்காக ஒரு இல்லம் தொடங்க அனுமதி கேட்டார்கள். அதே இடத்தில் ஒரு முதியோர் காப்பகமோ, மாணவர் விடுதியோ, ஆஸ்பத்திரியோ வைக்கத் தனி அனுமதி தேவையில்லை. இவர்களுக்கு மட்டும் தேவை. நகர மன்றம் 3-க்கு 1 என்ற வாக்கில் மறுத்தது.

மறுத்ததற்குச் சொன்ன காரணங்களைப் பாருங்கள். அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை. வயதானவர்கள் பயப்படுகிறார்கள். எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் இவர்களைக் கேலி செய்வார்கள். ஐநூறு வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய தாழ்வான இடம், இவர்கள் எப்படித் தப்பிப்பார்கள்? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

கவனித்தீர்களா, பாதிக் காரணங்கள் இவர்கள் மேல் உள்ள அக்கறை போலவே இருக்கின்றன. எங்கள் வகுப்பில் பார்வை இல்லாத நண்பன் ஒருவனுக்கு அறை தேடி நாலு தெரு அலைந்திருக்கிறோம். ஒருவர்கூட 'உனக்குத் தர மாட்டேன்' என்று சொல்லவில்லை. 'மாடிப்படி குறுகல் தம்பி, விழுந்துட்டா யாரு பதில் சொல்றது' என்றுதான் சொன்னார்கள். அவன் தினமும் டவுன் பஸ் மாறி மாறிக் கல்லூரிக்கு வருபவன். கிளெபர்ன் வழக்கைப் படித்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

1985 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு காரணத்தையும் பிரித்துப் போட்டது. எதிரே உள்ள பள்ளியிலேயே இதே குறைபாடு உள்ள சுமார் 30 மாணவர்கள் படிக்கிறார்கள். வெள்ளம் முதியோர் காப்பகத்துக்கு மட்டும் வராதா? மிச்சம் இருப்பது வெறும் அச்சமும் வெறுப்பும். அனுமதி மறுத்தது செல்லாது என்பதில் ஒன்பது நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள்.

ஆனால் (வந்துவிட்டது!) நீதிபதி ஒயிட் எழுதிய அதே தீர்ப்பு, இனம், பாலினம் போன்ற பாகுபாட்டுக்குக் காட்டும் கடுமையான பரிசோதனையை இவர்களுக்குக் காட்ட முடியாது என்றும் சொல்லிவிட்டது. வழக்கில் ஜெயித்தார்கள், கோட்பாட்டில் தோற்றார்கள். அரசியல் சாசனத்தை நம்பி ஒவ்வொரு ஊரோடும் மல்லுக்கு நிற்க முடியாது, தெளிவான சட்டம் ஒன்று வேண்டும் என்ற நிலை வந்தது.

1988: கொடுத்ததும் பிடித்ததும்

1988 செப்டம்பர் 13 அன்று அதிபர் ரீகன் திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1989 மார்ச் 12 முதல் அமல். பழைய சட்டத்தின் பல்லில்லாத வாய்க்குப் பல் வைத்தார்கள். (1968 சட்டத்தில் தண்டனை நஷ்டஈடு அதிகபட்சம் 1,000 டாலர்தான்!) மாற்றுத்திறனாளிகளும், குழந்தைகள் உள்ள குடும்பங்களும் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். முதல் முறையாகத் தனியார் வீட்டுக்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

முக்கியமாக இரண்டு கடமைகள். ஒன்று, விதிகளைத் தளர்த்துவது. 'நாய் வளர்க்கக் கூடாது' என்பது விதியானால், பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்கு அதைத் தளர்த்த வேண்டும். இரண்டு, கட்டடத்தில் மாற்றம் செய்ய அனுமதிப்பது. 'அனுமதிப்பது' என்ற சொல்லைக் கவனியுங்கள். செலவு குடித்தனக்காரருடையது!

காமர்ஸ்காரனுக்கு இந்த இடம்தான் சுவாரசியம். அரசு வெளியிட்ட விதிகளில் உதாரணங்களே கொடுத்திருக்கிறார்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி வேண்டும், அதற்குச் சுவரைப் பலப்படுத்த வேண்டும். குடித்தனக்காரர் செலவில் செய்யலாம். காலி செய்யும்போது கம்பியைக் கழற்றச் சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. சுவரின் உள்ளே வைத்த பலகையைப் பிடுங்கச் சொல்ல உரிமை இல்லை, அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சக்கர நாற்காலிக்காகக் கதவை அகலப்படுத்தியிருந்தால் மறுபடி குறுக்கச் சொல்லவும் முடியாது. பழையபடி ஆக்கும் செலவுக்காக ஒரு நியாயமான தொகையை வட்டி தரும் கணக்கில் போடச் சொல்லலாம். ஆனால் வட்டி குடித்தனக்காரருக்கு. ஒரு சட்டம் இவ்வளவு நுணுக்கமாகப் பேரேடு எழுதும் என்று நான் நினைக்கவில்லை.

புதுக் கட்டடங்களுக்குத் தனிக் கணக்கு. 1991 மார்ச் 13-க்குப் பிறகு முதல் குடியேற்றம் நடக்கும், நாலு அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டடங்களில் கதவு அகலம், சுவிட்ச் உயரம், குளியலறைச் சுவரின் பலம் எல்லாம் ஆரம்பத்திலேயே சரியாக இருக்க வேண்டும். லிஃப்ட் இருந்தால் எல்லாத் தளத்துக்கும் பொருந்தும், இல்லாவிட்டால் தரைத் தளத்துக்கு மட்டும். லிஃப்ட் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நிலத்தின் சரிவு காரணமாகச் சக்கர நாற்காலிப் பாதை சாத்தியமே இல்லை என்று நிரூபித்தாலும் தப்பிக்கலாம்.

இன்னும் இரண்டு 'ஆனால்'கள் சட்டத்துக்குள்ளேயே உண்டு.

முதலாவது 'நேரடி ஆபத்து'. மற்றவர்களின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ நேரடி ஆபத்தாக இருப்பவருக்கும், பிறர் சொத்துக்குப் பெரிய சேதம் விளைவிப்பவருக்கும் வீடு தரத் தேவையில்லை. படித்ததும் 'நியாயம்தானே' என்று தோன்றும். ஆனால் கிளெபர்ன் நகர மன்றமும் தன் மனசில் இதைத்தான் நினைத்திருக்கும். அதனால் பயம் போதாது, அந்தக் குறிப்பிட்ட நபரைப் பற்றிய நம்பகமான ஆதாரம் வேண்டும் என்ற நிலைப்பாடு உருவானது. 1993-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு வழக்கு. மனநலக் குறைபாடு உள்ள ஒருவர் பக்கத்து வீட்டு முதியவரை மிரட்டியது உண்மை. அப்போதும், காலி செய்யச் சொல்லும் முன் ஏதாவது விதித் தளர்வு செய்து ஆபத்தைக் குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றது கோர்ட்.

இரண்டாவது போதைப்பொருள். தற்போது சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. 'தற்போது' என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. விட்டுவிட்டு மீண்டு வருபவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு.

எட்மண்ட்ஸ்: குடும்பம் என்றால் என்ன?

அந்த மீண்டு வருபவர்கள்தான் அடுத்த பெரிய வழக்கைக் கொண்டுவந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்பது 1975-இல் மேரிலாண்டில் தொடங்கிய ஏற்பாடு. குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள்பவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, செலவைப் பங்கு போட்டு, தங்களைத் தாங்களே நிர்வகிப்பார்கள். மறுபடி குடித்தால் வெளியே. வாஷிங்டன் மாநிலம் எட்மண்ட்ஸ் நகரில் அப்படி ஒரு வீட்டில் 10 முதல் 12 பேர் இருந்தார்கள். நகரின் விதிப்படி 'குடும்பம்' என்றால் இரத்தத்தாலோ தத்தாலோ திருமணத்தாலோ உறவானவர்கள், அல்லது உறவில்லாத ஐந்து பேர் வரை. நகரம் நடவடிக்கை எடுத்தது.

எட்மண்ட்ஸ் வைத்த வாதம் சாமர்த்தியமானது. 1988 சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு: ஒரு வீட்டில் அதிகபட்சம் எத்தனை பேர் வசிக்கலாம் என்ற நியாயமான விதிகளை இந்தச் சட்டம் தொடாது. 'எங்களுடையதும் தலைக்கணக்குதானே' என்றது நகரம்.

1995 மே 15 அன்று 6-க்கு 3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பெரும்பான்மைக்கு எழுதியவர் நீதிபதி கின்ஸ்பர்க். வாதம் ரொம்ப எளிது. நெரிசலைத் தடுக்கும் விதி என்றால் அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும், இத்தனை சதுர அடிக்கு இத்தனை பேர் என்று. எட்மண்ட்ஸ் விதிப்படி அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா என்று இருபது பேர் ஒரே வீட்டில் நெருக்கியடித்து இருக்கலாம், தப்பில்லை. உறவில்லாத ஆறு பேர் இருக்கக் கூடாது. அப்படியானால் அது தலையை எண்ணும் விதி இல்லை, குடும்பம் எது என்று சொல்லும் விதி. அதற்கு விலக்கு கிடையாது. நீதிபதி தாமஸ், வேறு இருவரோடு சேர்ந்து மறுத்து எழுதினார். இதில் கவனிக்க வேண்டியது, ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் முழுதாக ஜெயித்துவிடவில்லை. 'இந்த விலக்கு உனக்கில்லை' என்று நகரத்துக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான். விதியைத் தளர்த்துவது நியாயமா இல்லையா என்பதைக் கீழ்க் கோர்ட் பார்க்க வேண்டியிருந்தது.

அன்றாடச் சண்டைகள்: யார் செலவு?

பெரிய வழக்குகளைவிடச் சின்ன வழக்குகளில்தான் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று தெரிகிறது.

நியூயார்க் புரூக்ளினில் கேட்மன் டவர்ஸ் என்ற குடியிருப்பு. 400-க்கும் மேற்பட்ட வீடுகள், உள்ளே கார் நிறுத்த 66 இடங்கள், நீண்ட காத்திருப்புப் பட்டியல். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் முற்றிய ஒரு பெண் உடனே இடம் கேட்டார். 'எல்லோரையும் போல வரிசையில் நில்லுங்கள், அதுதான் சமத்துவம்' என்றது நிர்வாகம். 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே மாதிரி நடத்துவது மட்டும் போதாது, கொஞ்சம் செலவும் சிரமமும் நிர்வாகம் தாங்கத்தான் வேண்டும் என்றது.

அதே ஆண்டு விஸ்கான்சின் மாநில வழக்கில் காது கேளாத இரண்டு பெண்கள் வைத்திருந்த நாய் பற்றிப் பிரச்சினை. அழைப்பு மணி அடித்தால் தெரிவிக்கும் நாயா, வெறும் செல்ல நாயா? பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் நாயால் உண்மையிலேயே உதவி இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். மறு விசாரணைக்கு அனுப்பினார்கள்.

கலிஃபோர்னியாவில் ஒரு மொபைல் வீட்டுப் பூங்கா. நீண்ட நாள் தங்கும் விருந்தாளிக்கு ஒரு நாளைக்கு 1.50 டாலர், அவர் கார் நிறுத்த மாதம் 25 டாலர் கட்டணம். மூச்சுக் கோளாறு உள்ள கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பணிப்பெண்ணுக்கும் இதைக் கேட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான கட்டணத்தைக்கூடச் சில நேரம் தள்ளுபடி செய்ய வேண்டியிருக்கும் என்று 1994-இல் நீதிமன்றம் சொன்னபோது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. 1997-இல் அதே வழக்கு தோற்றது. கட்டணத்தால்தான் அந்த வீட்டில் வசிக்க முடியாமல் போனது என்ற தொடர்பை நிரூபிக்கவில்லையாம். கொள்கை நின்றது, தாய் வெறுங்கையோடு போனார்.

பணமும் இயலாமையும் கலந்துவிட்டால் இன்னும் சிக்கல். அரசின் வாடகை உதவிச் சீட்டை ஏற்க மறுத்த நியூயார்க் வீட்டுக்காரர் மீதான வழக்கில், வறுமைக்கு இந்தச் சட்டம் மருந்து இல்லை என்று 1998-இல் தீர்ப்பு வந்தது. கலிஃபோர்னியாவிலோ, எய்ட்ஸ் நோயால் வேலையை விட்டவருக்காக அவர் தாயார் தன் பெயரில் வாடகைக்கு எடுக்க முன்வந்தபோது, 'இன்னொருவர் பொறுப்பேற்கக் கூடாது' என்ற விதியைத் தளர்த்த வேண்டும் என்று 2003-இல் தீர்ப்பு வந்தது. வீட்டுக்காரருக்கு வாடகை முழுசாக வரும், நஷ்டமில்லை என்பது அங்கே உதவியது. வருமானம் இல்லாமல் போனதே நோயால்தானே என்று 2003 தீர்ப்பு கேட்ட கேள்வியை 1998 தீர்ப்பு கேட்கவில்லை. ஒரே சட்டம், நாட்டின் இரண்டு முனையில் இரண்டு முகம்.

கடிகாரமும் கணக்கும்

விதிவிலக்கு என்று பெயர் போடாத எல்லைகளும் உண்டு. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம். தவறாகக் கட்டிய கட்டடத்துக்கு அந்த இரண்டு ஆண்டு எப்போது தொடங்கும்? கட்டி முடித்த நாளிலிருந்து என்று 2008-இல் 9-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. அதாவது மூன்றாவது வருடம் குடிவந்து, சக்கர நாற்காலி கதவுக்குள் நுழையவில்லை என்று கண்டுபிடிப்பவருக்கு அந்த வழி ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. கட்டடம் ஐம்பது வருடம் நிற்கும், பொறுப்பு இரண்டு வருடம்.

2022-இல் இன்னொன்று. 504-வது பிரிவின் கீழ் மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. காரணம் என்ன தெரியுமா? அரசு நிதி வாங்குவது ஓர் ஒப்பந்தம் போல, ஒப்பந்தத்தை மீறினால் மன வேதனைக்கு வழக்கமாக நஷ்டஈடு இல்லை! நம் ஒப்பந்தச் சட்டப் பாடத்தில் வருவதேதான். 1988 வீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகள் இதில் சேராது. இருந்தாலும் அவமானத்தைத் தவிர வேறு பண நஷ்டம் காட்ட முடியாத ஒருவருக்கு 504 இப்போது எவ்வளவு மிச்சம்? தீர்ப்பு வந்த நாள் ஏப்ரல் 28. கலிஃபானோ கையெழுத்திட்டு மிகச் சரியாக 45 வருடம்.

என் கணக்கு

இத்தனை 'ஆனால்'களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று வகை தெரிகிறது.

முதல் வகை, அடுத்தவரைக் காப்பாற்ற வந்தவை. நேரடி ஆபத்து போன்றவை. இவை இருக்க வேண்டும். பயத்துக்குப் பதில் ஆதாரத்தைக் கேட்கும் வரை பிரச்சினை இல்லை.

இரண்டாம் வகை, செலவைப் பிரித்துக் கொடுப்பவை. மிகையான சுமை, யார் கம்பி மாட்டுவது, எத்தனை வீடு இருந்தால் சட்டம் பொருந்தும் என்பவை. இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நாலு வீடு வைத்திருப்பவரும் நானூறு வீடு வைத்திருப்பவரும் ஒரே சுமையைத் தாங்க முடியாது. ஆனால் ஒன்று. வருமானம் குறைந்தவர் தலையிலேயே கதவை அகலப்படுத்தும் செலவையும் வைத்தால், உரிமை காகிதத்தில் இருக்கும், கதவு குறுகலாகவே இருக்கும்.

மூன்றாம் வகைதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. மிஸஸ் மர்ஃபி. அது செலவுக் கணக்கு இல்லை. சக்கர நாற்காலிக்காரர் தன் காசிலேயே சரிவுப் பாதை போட்டுக்கொள்கிறேன் என்றாலும், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லும் சலுகை அது. 'சிறிய உரிமையாளர் பாவம்' என்ற வாதம் இனத்துக்கு எதிராக நிற்கவில்லை, 1968-லேயே விழுந்துவிட்டது. இயலாமைக்கு எதிராக மட்டும் ஏன் இன்னும் நிற்கிறது?

இது நமக்கு அந்நிய விஷயமும் இல்லை. 'நியாயமான வசதி', 'மிகையான சுமை' என்ற அதே சொற்கள் 2006-இல் ஐ.நா. உடன்படிக்கைக்குள் போய், இந்தியா 2007-இல் அதை ஏற்று, நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டன. அந்தச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. அதன் 3-வது பிரிவு, இயலாமையைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. உடனே ஒரு 'ஆனால்': நியாயமான ஒரு நோக்கத்தை அடைவதற்கு அளவான வழி அது என்று காட்டினால் தவிர.

நியாயமான நோக்கம் எது? அளவான வழி எது? 'மாடிப்படி குறுகல் தம்பி' என்பது அதில் வருமா? கிளெபர்னில் அந்தக் கேள்வியை ஒவ்வொரு காரணமாகப் பிரித்துக் கேட்க ஐந்து வருடமும் ஒரு உச்ச நீதிமன்றமும் தேவைப்பட்டன. நம் ஊரில் யார் கேட்பது?

சட்டம் படிக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மிஸஸ் மர்ஃபி பக்கம் வாதாட விரும்புபவர்களும் வரலாம், சண்டை போடத் தயார் :-)

அடுத்த பதிவில் சந்திப்போம்.